விசைப்பலகை வாங்கிய வரலாறு

டேப்லெட் என்னும் பலகைக் கணினி இன்று நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் பீரோவிற்குள் உறங்கிக்கொண்டிருக்கின்றது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகளின் பாடத்திற்கென வாங்கப்பட்டவை அவை. நகையை அடகு வைத்து வாங்கப்பட்டனவும் அவற்றுள் உண்டு. பள்ளிகள் திறந்தன, பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பினர், பலகைக்கு வேலை நின்றது. "சாமி, இதுக்கு ஒரு கீபோர்டு வாங்கி மாட்டினால் லேப்டாப் ஆகிவிடும் என்கிறார்களே, உண்மைதானா?" என்று ஞாயிறு பூசை முடிந்ததும் தாய்மார் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. பங்கு அலுவலகத்திற்கென நாங்களே அத்தகைய விசைப்பலகை ஒன்றைத் தேடிப் புறப்பட்டோம். ஆகவே இவ்வினாவிற்கு இப்போது சற்று விரிவாகவே விடை கூறலாம் என்று துணிந்தேன்.

மடிக்கணினி ஆகிவிடும் என்பது பாதி உண்மை. பலகைக் கணினி, பார்ப்பதற்கும் விரலால் தொட்டு நகர்த்துவதற்கும் பிறந்தது. அதன் கண்ணாடி மீது எழுத்துகளைக் காட்டி எழுதச் சொல்லும்போது, திரையில் ஏறத்தாழ ஒரு பாதியை அவ்வெழுத்துகளே அடைத்துக்கொள்கின்றன. எழுதியது மேலே ஒரு சன்னல் அளவில்தான் தெரியும். விரலுக்கோ, தான் தொட்டது எது என்று உணர்த்தும் மேடு பள்ளம் ஏதும் இல்லை. எனவே கண் ஓயாமல் விரலைக் காவல் காக்க வேண்டியுள்ளது. நாலு வரிக் கடிதத்திற்கு இது போதும். நாற்பது பக்கத்திற்குப் போதாது. இக்குறையை அவற்றைச் செய்தவர்களே தொடக்கம் முதல் அறிந்திருந்தனர். ஆப்பிள் நிறுவனம் 2010-இல் முதல் ஐபேடை வெளியிட்ட ஆண்டிலேயே அதனை நிறுத்தி வைத்து எழுதுவதற்கான விசைப்பலகைத் தாங்கி ஒன்றையும் விற்றது; 2012-இல் மைக்ரோசாப்ட் தன் சர்ஃபேஸ் பலகையைக் கொணர்ந்தபோது மூடியையே விசைப்பலகையாக்கித் தந்தது. 2020 மார்ச்சில் ஐபேடுக்கு மவுஸின் சுட்டி முழுமையாக வாய்த்தபின் பலகைக்கும் மடிக்கணினிக்கும் இடையிலிருந்த வேலி இன்னும் தாழ்ந்தது.

எனினும் வேலி இருக்கின்றது. விண்டோஸ் கணினிக்கென்றே எழுதப்பட்ட டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் ஐபேடிலோ ஆண்ட்ராய்டு பலகையிலோ கணினியில் ஓடுவதுபோல் ஓடமாட்டா. கணக்கர் வேலைக்குப் பயிலும் பிள்ளைக்கு விசைப்பலகை வாங்கித் தந்து, "இதோ உன் மடிக்கணினி" என்று கூறுவது அப்பிள்ளையை ஏமாற்றுவதாகும். கடிதம், கட்டுரை, விண்ணப்பம், பாடக்குறிப்பு, மறையுரை, சிறு வரவுசெலவு அட்டவணை ஆகியவற்றிற்கு இது தாராளமாகப் போதும். ஆதலால் என்ன வேலை, யாருடைய கை, எந்த மொழி என்னும் மூன்றையும் முதலில் தீர்த்துக்கொண்ட பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும் என்பது எனது துணிபு.

எங்களுக்கு வாய்த்த வேலை பழைய பங்கு ஏடுகளைப் படியெடுப்பது. திரெந்து பொதுச்சங்கம் 1563-இல், மணமக்கள், சாட்சிகள், நாள், இடம் ஆகியவற்றைக் குறித்த ஏடொன்றைப் பங்குக்குரு வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் பிரிவு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஏடுகளைப் பேணுவதோடு பழைய ஏடுகளைக் கருத்துடன் காப்பதையும் பங்குக்குருவின் கடமையாக்குகின்றது. கடற்கரைப் பங்கொன்றில் இக்கடமை எளிதன்று. உப்புக் காற்று தாளை நைக்கின்றது. இரும்புச் சத்துக் கலந்த பழைய மை, ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளையே அரித்து, எழுத்தின் வடிவிலேயே துளையிட்டுவிடுகின்றது. பெயர் இருந்த இடத்தில் அப்பெயரின் வடிவில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டவர்களுக்கு நான் கூறுவது விளங்கும்.

மறைமாவட்ட அலுவலகத்தின் அனுமதியைப் பெற்றுத் தொடங்கினோம். ஏடுகள் அறையை விட்டு வெளியே செல்லலாகாது. ஆகவே கருவிதான் ஏட்டிடம் வரவேண்டும். வளைகுடா நாட்டில் பணிபுரியும் பங்குக் குடும்பம் ஒன்று தான் பயன்படுத்திய ஐபேடைக் கோவிலுக்குத் தந்திருந்தது. அது இவ்வேலைக்கென்றே வந்தது போலிருந்தது. ஏட்டின் பக்கத்தை அதனாலேயே படம் எடுக்கலாம். மங்கிய எழுத்தை இரு விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம். திரையின் ஒரு பக்கம் படமும் மறுபக்கம் தட்டச்சுமாக வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. "பேசாமல் ஒரு மடிக்கணினியே வாங்கிவிடலாமே" என்றார் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர். அந்தப் பணத்தைத் தட்டச்சு செய்பவருக்குக் கூலியாகக் கொடுக்கலாம் என்று நான் கூறினேன். பேரவை அதற்கு இசைந்தது.

தட்டச்சு செய்ய இருவர் முன்வந்தனர். ஒருவர் எங்கள் பழைய உபதேசியார். அகவை எழுபத்து மூன்று. இளமையில் தட்டச்சுப் பயிலகத்தில் பயின்று தமிழில் முதுநிலை தேறியவர். வழக்கறிஞர் ஒருவரிடம் மனு அடித்துக் கொடுத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர். பழைய கையெழுத்துகளை அவரைப் போல வாசிக்கத் தெரிந்தவர் இவ்வூரில் இலர். மற்றவர், வணிகவியலில் பட்டம் பெற்ற ஒரு பெண். தந்தை கடல் தொழிலாளி; தாய் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கின்றார். நகரத்திற்கு வேலைக்குச் செல்ல வழியில்லை. ஆனால் பிற்பகலில் பக்கத்து வீட்டு அம்மாள் தாயைப் பார்த்துக்கொள்ளும் மூன்று மணி நேரம் அவளுக்குக் கிடைக்கும். பக்கத்திற்கு இவ்வளவு என்று கூலி பேசினோம். அவள் வாழ்நாளில் பெறப்போகும் முதற் சம்பளம் அது.

முதல் மாதம் கண்ணாடி மீதே தட்டினாள். கைப்பேசியில் பழகிய பிள்ளைகள் யாவரும் செய்வது போல ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் கருவி தமிழாக்கித் தரும் முறையில், இரு கட்டை விரல்களாலும் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு வரியை முடிப்பாள். உபதேசியார் அதைப் பார்த்து வியந்தார். பின்னர் அச்செடுத்த தாளை ஏட்டோடு ஒப்பிடத் தொடங்கியதும் அவரது முகம் மாறிற்று. 1911-இல் திருமுழுக்குப் பெற்ற சந்தியாகு என்னும் ஆண் குழந்தை, தாளில் சந்தியா என்று நின்றது. அவள் தட்டியது சரியே. அவள் முடிப்பதற்கு முன்னரே கருவி முந்திக்கொண்டு, தான் நன்கறிந்த பெயரை எடுத்து நீட்டிவிட்டது. அன்னம்மாள் மூன்று இடங்களில் அண்ணம்மாள் ஆகியிருந்தார். அருளப்பன் ஒருவர் அருலப்பன் ஆகியிருந்தார்.

"மகளே, இந்தச் சந்தியாகு என் பாட்டனாரின் தம்பி. நூறு வருஷத்துக்குப் பிறகு அவரைப் பெண் பிள்ளை ஆக்கிவிட்டாயே" என்றார் உபதேசியார். சினந்து கூறவில்லை. அவள்தான் அழுதுவிட்டாள்.

இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று. சான்றிதழில் ஓர் எழுத்து வேறுபட்டால் எத்தனை அலுவலகப் படிகளை ஏறி இறங்க வேண்டும் என்பதை நம் குடும்பங்கள் அறியும். பாட்டனின் பெயரைக் காட்டி நிலத்திற்கோ கடவுச்சீட்டிற்கோ மன்றாடுபவனுக்கு அந்த ஓர் எழுத்துதான் சாட்சி. நமக்குப் பழக்கமான பெயர்களைக் கருவி ஊகித்துத் தருவது கடிதத்திற்கு உதவி, ஏட்டிற்கு இடையூறு. ஒவ்வோர் எழுத்தையும் கை தானே தீர்மானித்து இடவேண்டும். அதற்கு, அசையாத இடங்களில் எழுத்துகள் நிற்கும் விசைப்பலகை வேண்டும். அன்றே தேடல் தொடங்கியது.

மாவட்டத் தலைநகரிலுள்ள கணினிக் கடைகளுக்கு மூவரும் ஐபேடை எடுத்துக்கொண்டு சென்றோம். ஏட்டிலிருந்து இருபது பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம் என்றது உபதேசியாரின் யோசனை. கடையில் பலரும் விசையைச் சும்மா தட்டிப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று வாங்கி வருகின்றனர். தன் வேலையைத் தானே கொண்டுசென்று செய்து பார்ப்பவரிடம் விசைப்பலகை உண்மையைக் கூறிவிடும்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது உறை வடிவிலான விசைப்பலகை. பலகையின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். உலோகப் புள்ளிகள் வழியே பலகையிலிருந்தே மின்சாரம் பெறும். தனி மின்கலமோ இணைக்கும் சடங்கோ வேண்டா. மடியில் வைத்து எழுதுவதற்கு இதற்கு நிகர் இல்லை. தொடுதளமும் சிலவற்றில் உண்டு. ஆனால் அந்தந்த வகைப் பலகைக்கே பொருந்தும். பலகை பழுதானால் இதுவும் பயனற்றதாகும். சில நிறுவனங்களின் உறையின் விலை, எளிய பலகை ஒன்றின் விலையைத் தொட்டு நிற்கும். எடையும் பலகையை விஞ்சும். அடுத்தது, கீலால் இறுகப் பிடிக்கும் வகை. பார்வைக்கு மடிக்கணினியே. எனினும் மடிக்கணினியில் கனம் அடிப்பாகத்தில் இருக்கும். இங்கோ கனமான பலகை மேலே இருப்பதால், அடிப்பாகம் இலேசாயின் பின்னோக்கிச் சாய்ந்து விழும். ஆகையால் அடியில் வேண்டுமென்றே கனத்தைச் சேர்க்கின்றனர். தூக்கிச் செல்லும் இலகு கருதிப் பலகையை வாங்கியவர், இரட்டிப்புச் சுமையைத் தூக்க நேரிடும்.

பாய் போலச் சுருட்டி வைக்கும் ரப்பர் விசைப்பலகை ஒன்றையும் கடைப் பையன் மிகப் புகழ்ந்து காட்டினான். உபதேசியார் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். "பிசைந்த மாவில் குத்துவது போல இருக்கிறது, சாமி."

எங்களுக்குத் தனியாக நிற்கும் விசைப்பலகையே ஏற்றது என்று விரைவில் தெளிந்தது. பலகையைக் கண்ணின் மட்டத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தலாம். விசைகளைக் கைக்கு அருகில் வைக்கலாம். நடுவில் ஏடு விரிந்து கிடக்கலாம். பலகையோடு ஒட்டிய விசைப்பலகையில் இம்மூன்றிற்கும் இடமில்லை.

கம்பியில்லா விசைப்பலகைகள் இரு வகைப்படும். சிறு யூ.எஸ்.பி. குமிழ் ஒன்றைக் கருவியில் செருகி அதனோடு பேசுவது ஒரு வகை. புளூடூத் வழியே நேராகப் பேசுவது மற்றொரு வகை. பலகையில் இருக்கும் ஒரே துளையைக் குமிழுக்குக் கொடுத்துவிட்டால் மின்னேற்றுவது எங்ஙனம்? இன்னொரு காரணமும் உண்டு. விலை குறைந்த குமிழ் வகை விசைப்பலகைகள் பல, தட்டிய எழுத்தை மறையாக்கம் இன்றி அப்படியே காற்றில் விடுகின்றன என்பதையும், அறைக்கு வெளியே இருப்பவரும் அதனைக் கவர இயலும் என்பதையும் பாஸ்டில் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் 2016-இல் எடுத்துக் காட்டினர். பங்கு ஏடுகளில் ஊரறியக் கூடாத குறிப்புகளும் இருக்கும். தந்தையின் பெயர் எழுதப்படாத குழந்தைகள் எல்லாக் காலத்திலும் பிறந்துள்ளனர். அவர்களுடைய வரிகளைப் பாதுகாப்பற்ற கருவியில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. புளூடூத் வகையையே தேர்ந்தோம்.

அப்பெயரின் வரலாற்றைக் கடையிலேயே அந்தப் பெண்ணுக்குக் கூறினேன். நம் வாசகர்களுக்கும் கூறலாம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னனின் பட்டப்பெயர் நீலப்பல். சிதறிக் கிடந்த நாட்டை ஒன்றாக்கியவன் அவன். வெவ்வேறு கருவிகளை ஒன்றாக இணைக்கும் முறைக்கு 1990-களின் இறுதியில் பொறியாளர்கள் அவன் பெயரையே சூட்டினர். கருவிகளில் நாம் காணும் புளூடூத் சின்னம், அவன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பழைய ரூனிக் எழுத்தில் பிணைத்தது. டேனியரைக் கிறிஸ்தவராக்கியவன் தானே என்று அம்மன்னன் பொறித்து வைத்த கல், கிறிஸ்துவின் உருவத்தோடு எல்லிங் என்னும் ஊரில் இன்றும் நிற்கின்றது. "அப்போ இது நம்ம ஆள்தான், ஃபாதர்" என்றாள் அவள். கடையிலிருந்த மற்றவர்கள் எங்களை வியப்புடன் பார்த்தனர்.

நிற்க. தமிழுக்கு வருவோம். விசைப்பலகையைத் தேர்வது உண்மையில் இங்கேதான் தொடங்குகின்றது. நம் மக்கள் இதைத்தான் இறுதியில் நினைக்கின்றனர்.

உபதேசியாரின் கை அறிந்தது பழைய தட்டச்சுப்பொறியின் விசையமைப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே உருவாக்கிய பொறியின் வழிவந்தது அது. உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாகப் பல்கும் நம் எழுத்துகளை ஒரு சில விசைகளில் அடக்குவதற்கு அவர், தட்டினாலும் வண்டி நகராமல் நிற்கும் விசைகளைக் கண்டார். புள்ளியை முதலில் தட்டி அதே இடத்தில் எழுத்தைப் பதிக்கும் வித்தை அது. "யளனக" என்று தொடங்கும் பாடத்தை ஐம்பதாண்டுகளுக்கு முன் பயின்ற விரல்கள் அதை இன்றும் மறக்கவில்லை. உபதேசியார் பேசிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் மேசை மீது எதையோ அடித்துக்கொண்டிருப்பதை நான் பன்முறை கண்டிருக்கின்றேன்.

இன்று பரவலாக இருக்கும் தமிழ் 99 என்னும் அமைப்பு, 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் வழியே உருப்பெற்று அவ்வாண்டே தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. அதன் அமைப்பு இலக்கணம் போலவே இருக்கின்றது. உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும்; நகரத்தின் பின் தகரம் வந்தாலும் அவ்வாறே. ச, ந, த, இ, ய, ஆ, க, உ: எட்டே தட்டுகளில் சந்தியாகு எழுந்து நிற்பார்; நடுவில் எவரும் முந்திக்கொள்ளமாட்டார். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் தனித்தனி விசை. நம் வீரமாமுனிவர் அவ்விரண்டையும் கொம்பினால் வேறுபடுத்திக் காட்டியது நினைவிற்கு வந்தது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறுவதற்கு அண்டிரிக் அடிகளார் உழைத்த நாள் முதல், நம் எழுத்தைக் கருவிக்குள் கொணர்வதில் நம் குருக்களுக்கும் ஒரு பங்கு இருந்து வந்துள்ளது.

எங்கள் ஐபேடில் தமிழ் 99 இருந்தது. பழைய தட்டச்சு அமைப்பு இல்லை. உபதேசியார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

இனி நான் கூறப்போவது எந்த விளம்பரத்திலும் இராது. ஆங்கிலத்தில் எழுதுபவர் இதை எண்ணிப் பார்க்கவும் காரணமில்லை. சிறு பலகைகளுக்கென்று செய்யப்படும் விசைப்பலகைகளில் இடம் போதாமையால், வலப்பக்க ஓரத்து விசைகளை நசுக்கிப் பாதி அகலமாக்குகின்றனர். அல்லது வேறிடத்திற்குத் தள்ளிவிடுகின்றனர். ஆங்கிலத்திற்கு அங்கே இருப்பவை பகர அடைப்பு, மேற்கோள் குறி, சாய்கோடு போன்ற அரிதாக வேண்டப்படுபவை. தமிழ் 99-இல் அதே இடங்களில் இருப்பவை ச, ஞ, ய, ழ! சவரியாரும் சூசையும் ஞானப்பிரகாசமும் யாகப்பரும் அந்த நசுங்கிய ஓரத்தில்தான் குடியிருக்கின்றனர். அழகிய சிறு விசைப்பலகை ஒன்றில் அந்தப் பெண் எங்கள் இருபது பெயர்களை அடித்துப் பார்த்தபோது, சகரம் வேண்டிய இடத்தில் ஞகரமும், யகரம் வேண்டிய இடத்தில் புதிய வரியும் வந்து விழுந்தன. கையில் குற்றமில்லை. விசை அங்கே இல்லை. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவிற்கு 19 மில்லிமீட்டர் இருப்பது முழு அளவு. அதனினும் மிகக் குறைந்ததைத் தமிழ் எழுதுபவர் வாங்காமலிருப்பது நன்று. வலது ஓரத்தை விரலால் தடவிப் பார்த்த பின்னரே விலையைக் கேளுங்கள்.

வேறொன்றையும் உபதேசியார் கண்டுபிடித்தார். புளூடூத் விசைப்பலகை சிறிது நேரம் சும்மா இருந்தால் மின்கலத்தைச் சேமிக்க உறங்கிவிடும். அடுத்த தட்டு அதனை எழுப்பும். சில விசைப்பலகைகள் எழும்போது அந்த முதல் எழுத்தை விழுங்கிவிடுகின்றன. ஏட்டை வாசிப்பதற்கு இடையிடையே நிறுத்தும் எங்கள் வேலையில், ஒவ்வொரு நிறுத்தத்திற்குப் பின்னும் சவரி வரியாகிவிடக் கூடும். ஆகவே கடைக்காரரோடு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்து, விசைப்பலகையை உறங்கவிட்டு, பின் தட்டிப் பார்த்தோம். இரண்டை இதன் பொருட்டே ஒதுக்கினோம். கடைக்காரர் பொறுமைசாலி, தேநீரும் தருவித்தார்.

இறுதியில் வாங்கியது, முழு அளவு விசைகள் கொண்ட, தனித்து நிற்கும் ஒன்று. பென்சில் தடிமனுள்ள இரு சிறு மின்கலங்களால் இயங்குவது. உள்ளேயே மின்னேற்றும் வகை இன்னும் நாகரிகமானதுதான்; ஆயினும் உப்புக் காற்றில் மின்னேற்றும் துளைகள் துருப்பிடிப்பதைக் கைப்பேசிகளில் ஓயாது காணும் எங்கள் ஊருக்கு, பெட்டிக்கடையில் கிடைக்கும் மின்கலமே ஏற்றதாகப்பட்டது. தாங்கியைத் தச்சர் செய்து தந்தார்; பூசைப் புத்தகத் தாங்கியைப் பார்த்து அதே சாய்வில் பலாமரத்தில் இழைத்தார். விசைகளின் மேல் ஆங்கில எழுத்துகளே இருந்தன. தமிழ் ஒட்டிகள் வாங்கலாமா என்று கேட்டபோது உபதேசியார் மறுத்துவிட்டார். "பார்த்து அடிக்கிறவள் என்றைக்கும் பார்த்துத்தான் அடிப்பாள்." விசைப்படத்தை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். இரு சுட்டுவிரல்களும் தங்கும் விசைகளில் சிறு மேடு உண்டல்லவா? இடக்கையின் மேடு தமிழ் 99-இல் புள்ளி. வலக்கையின் மேடு பகரம். அவ்விரண்டையும் தடவி அறிந்து மற்றவற்றை எண்ணிக் கொள்ளும்படி பயிற்றினார். மூன்று வாரங்களில் அவள் சுவரைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

அவர்தாம் பழக முடியாமற் போனார். ஒரு வாரம், அவள் வராத காலை வேளைகளில் தனியே அமர்ந்து முயன்றார். அறிவு புதிய இடத்தைச் சொல்லும்; விரல் ஐம்பதாண்டுப் பழைய இடத்திற்கு ஓடும். கதவு வழியே கண்டும் காணாதவனாய் நான் கடந்து சென்றேன். எட்டாம் நாள் விசைப்பலகையை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, "நான் வாசிக்கிறேன், நீ அடி, மகளே" என்றார். அன்றிலிருந்து அப்படியே நடக்கின்றது. வழக்கறிஞர் அறையில் பழகிய முறையில், "வல்லின றகரம்", "மூன்று சுழி ணகரம்" என்று ஐயத்திற்கு இடமான எழுத்தையெல்லாம் சொல்லிச் சொல்லியே வாசிப்பார். பழைய குருக்கள் இலத்தீனில் எழுதிவைத்த வரி வந்தால் என்னை அழைப்பார். அவள் ஒரு விசையைத் தட்டி ஆங்கில எழுத்திற்கு மாற்றிக்கொள்வாள். ஒரு நாளைக்கு ஐந்து பக்கங்கள். கூலி மாதந்தோறும் முதல் ஞாயிறன்று. முதற் கூலியில் தாய்க்கு நீர்மெத்தை வாங்கினாள்.

வீட்டிலுள்ள பலகைக்கு விசைப்பலகை வாங்க எண்ணுவோர்க்கு ஓரிரு சொற்கள். ஐபேட் அல்லாத ஆண்ட்ராய்டு பலகைகளில் எச்சரிக்கை வேண்டும். தமிழ்ச் செயலிகள் சில கண்ணாடியின் மீது மட்டுமே தமிழ் தரும். வெளி விசைப்பலகையை இணைத்ததும் ஆங்கிலம் மட்டுமே வரும். இதைக் கடையிலேயே, உங்கள் பலகையிலேயே, ஒரு பத்தி தமிழில் அடித்துப் பார்த்து அறிக. பள்ளிப் பிள்ளைக்கும் தாய்க்கும் பொதுவாக வாங்குவதாயின், பலகையோடும் கைப்பேசியோடும் மாறி மாறி இணையக்கூடிய வகை நன்று. விலையுயர்ந்த உறையை விட, எளிய தனி விசைப்பலகையும் தட்டச்சுப் பயிற்சியும் கூடுதற் பயன் தரும். பலகை மிகப் பழையதாயின் அதற்கெனச் செலவே செய்யாதீர்கள். தனி விசைப்பலகையாவது அடுத்த கருவிக்கும் உதவும்.

எங்கள் வேலை இப்போது இறப்பு ஏட்டில் நிற்கின்றது, ஆண்டு 1918. அவ்வாண்டு உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் நம் நாட்டையும் வாட்டிற்று. ஆண்டு முழுவதற்கும் சில பக்கங்களே கொண்ட அவ்வேட்டில், அக்டோபர் மாதம் மட்டும் பக்கம் பக்கமாக நீள்கின்றது. எழுதிய குருவின் கையெழுத்து வரவரச் சிறுத்து, இடையில் ஒரு நாள் வேறொருவர் கைக்கு மாறிவிடுகின்றது. உபதேசியார் அப்பக்கங்களை மெதுவாகவே வாசிக்கின்றார். நேற்று, ஒரே வீட்டைச் சேர்ந்த நால்வரின் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. கடைசிக் குழந்தைக்கு வயது எட்டு மாதம். அவள் அடித்து முடித்துவிட்டு, "ஞானம்மாள், மெல்லின ஞகரம்தானே, தாத்தா?" என்று ஒருமுறை கேட்டாள். அவர் உருப்பெருக்கியை வைத்து மறுபடியும் பார்த்து, "ஆமாம்" என்றார்.